மருத்துவிச்சி அக்காவின் பேரேடு



சென்ற மாதம் ஞாயிறு நிகழ்ச்சியில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். பதினைந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததால் அன்று பாதியை விழுங்கிவிட்டேன். விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். வர்த்தகம் படித்துக் கணக்காளனாக வேலை செய்பவன். பேரேடு, ஐந்தொகை, காலாண்டுப் படிவம் என்று காலந்தள்ளுகிறவனுக்குப் பிள்ளைப்பேற்றுப் பதிவேட்டோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டார்.

தொடக்கம் இப்படித்தான். வரிக்கணக்குக் காலத்தில் ஒரு பிள்ளை என்னிடம் வந்திருந்தாள். தாயின் பழைய கடதாசிகளை ஒரு பிளாஸ்ரிக் பையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதற்குள்ளே, மடித்து மடித்து ஓரம் பிய்ந்த ஒரு கிளினிக் அட்டை இருந்தது. "அங்கிள், இது நான் அம்மான்ர வயித்தில இருக்கேக்க எழுதினதாம். இதில என்ன கிடக்கு?" என்று கேட்டாள். அவள் பிறந்தது 1995 நவம்பரில். அந்த மாதம் என்றால் எங்களில் பலருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எனக்கு அந்த அட்டையை வாசிக்கத் தெரியவில்லை. இலக்கங்கள், சுருக்கெழுத்துகள், ஒரு வளைகோட்டுப் படம். இலக்கங்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சிட்னியில் துங்காபிப் பக்கம் மகனோடு இருக்கும், ஊரில் குடும்பநல மாதுவாக வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அக்காவைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒரு மணித்தியாலம் கதைப்போம் என்று தொடங்கியது நாலு ஞாயிற்றுக்கிழமைகள் போனது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய கதைக்கு முன் கொஞ்சம் பழைய வரலாறு. பிள்ளைப்பேற்று வைத்தியத்தைத் தமிழில் படிப்பிக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847 இல் வந்தவர், 1857 இல் பிரசவ மருத்துவ நூல் ஒன்றையே தமிழில் அச்சிட்டுவிட்டார். அந்த நூற்றாண்டின் கடைசியில் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது. "நான் இணுவிலில பிறந்தனான்" என்று சொல்லும் நேயர்கள் இன்றும் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879 இல் திறந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1867 இலேயே சட்டம் வந்து, 1897 இல் அது கட்டாயமாகியது.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் வராதவர்களை யார் எண்ணுவது? அதற்குப் பதிலாக வந்தது 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை. ரொக்கபெல்லர் அறக்கட்டளையின் உதவி அதற்கு இருந்தது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே ஊர் ஊராக மருத்துவிச்சிகள். நோய் வந்தபின் பார்ப்பதல்ல அவர்களுடைய வேலை. வீடு வீடாகப் போய், யார் புதிதாகக் கலியாணம் செய்தவர், யார் கர்ப்பவதி, யாருக்கு எத்தனை பிள்ளை என்று எழுதி வைப்பதும், எழுதியவர்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதும். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950 அளவில் அது 600க்குக் கீழே வந்தது. 2010களில் 30க்கும் 40க்கும் இடையில் நின்றது. மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், இரத்த வங்கி, இலவச ஆஸ்பத்திரி, பெண்களின் படிப்பு எல்லாமே இதற்குக் காரணம். இருந்தாலும் உலக வங்கி 2003 இல் இலங்கையையும் மலேசியாவையும் வைத்து ஒரு பெரிய ஆய்வு நூல் வெளியிட்டபோது, படித்த, பதிவுசெய்யப்பட்ட மருத்துவிச்சி வாசலுக்கு வருவதையும் அவர் எழுதி வைக்கும் கணக்கையும் முக்கியமாக எடுத்துச் சொன்னது.

இனி அக்காவிடம் வருகிறேன்.

ஒரு குடும்பநல மாதுவுக்கு ஏறக்குறைய மூவாயிரம் சனம் என்பது கணக்கு. முதலில் வருவது குடும்பங்களின் பதிவேடு. அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் "526". பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் இடம் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் "512" என்ற அட்டை திறக்கப்படும். ஒரு பிரதி தாயின் கையில், மற்றது மருத்துவிச்சியின் பக்கத்தில். நிறை, இரத்த அழுத்தம், சலம், இரத்தத்தின் அளவு, வயிற்றின் உயரம், ஏற்பு ஊசி, திரிபோஷா கொடுத்ததா இல்லையா, எல்லாம் அதிலே. (திரிபோஷா பைக்கற்றை மாவாக்கிச் சீனி போட்டு உருண்டை பிடித்துத் தின்றவர்கள், அது தங்களுக்கு வந்ததல்ல, அம்மாவுக்கும் தம்பிக்கும் வந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.) பிள்ளை பிறந்தபின் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்குப் போக வேண்டும். மாத முடிவில் கூட்டிக் கழித்து ஒரு படிவம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகாதார வைத்திய அதிகாரி முழுப் பிரதேசத்துக்கும் சேர்த்து "509" என்ற படிவத்தைக் கொழும்பில் 1968 இல் தொடங்கிய குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கு அனுப்புவார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை வைத்திருக்கும் நேயர்கள் 2000 ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்ரி படிவத்தோடு என்னிடம் ஓடி வருகிறார்களே, அதே கூத்துத்தான். தொடக்க மீதி, புதிதாகச் சேர்ந்தவர், கழிந்தவர், இறுதி மீதி. "கர்ப்பவதி பன்ரெண்டு எண்டு போன மாதம் எழுதினா, இந்த மாதம் அந்தப் பன்ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வேணும் தம்பி. பெத்ததோ, கலைஞ்சதோ, இடம்மாறிப் போனதோ. ஒண்டு குறைஞ்சாலும் மாதாந்தக் கூட்டத்தில எழும்பி நிக்க வேணும்" என்றார். எங்கள் தொழிலில் இதற்கு இணக்கக் கூற்று என்று பெயர். ஒரு வித்தியாசம், எங்களுக்கு ஒரு ரூபாய் இடித்தால் பிழை எழுத்தில். அவர்களுக்கு ஒன்று இடித்தால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள்.

இந்தப் பதிவேட்டை அவர் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரே பெயரை நாலைந்து கொப்பியில் எழுத வேண்டும். பகல் முழுக்கச் சைக்கிள், இரவு முழுக்கப் பேனை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லாததால் ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் குறைத்து வைத்துக் கோடு கீறியிருக்கிறார். அச்சடித்த படிவம் வராத மாதங்களில் பாடசாலைக் கொப்பியில் அடிமட்டம் வைத்துத் தானே கட்டம் போட்டார். அந்தக் கொப்பிக்கும் தட்டுப்பாடு. கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, போகாத வீட்டுக்குப் போனதாக எழுதியவர்களும் இருந்தார்கள் என்று அவரே சொன்னார். "நானும் ரெண்டு மூண்டு தரம் எழுதினனான். பொய் சொல்ல மாட்டன்." கணக்காய்வாளர்கள் இப்படியொரு வாக்குமூலத்துக்குத் தவம் கிடப்பார்கள்.

பயம் இன்னொன்று இருந்தது. யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பட்டியல் என்றாலே நெஞ்சு இடிக்கும். இவருடைய கொப்பியிலோ ஒவ்வொரு வீட்டிலும் யார் யார், என்ன வயது, புருசன் வீட்டிலா வெளியூரிலா என்று எல்லாம் இருந்தது. ஒருநாள் ஆயுதம் வைத்திருந்த சிலர் கிளினிக்குக்கு வந்து அதைப் பார்க்கக் கேட்டார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இது பொம்பிளையளின்ர விசயம், மாதவிடாய்க் கணக்கு எழுதியிருக்கு, தரட்டோ?" என்று சத்தமாகக் கேட்டாராம். வந்தவர்கள் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஆண்களைப் பற்றிய நிரலை அவர் நிரப்புவதே இல்லை. மேலதிகாரி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டதற்கு, கேட்டால் சனம் சொல்வதில்லை என்று பதில் சொன்னார். எழுதாமல் விட்டதும் சில நேரம் அந்த வேலையில் ஒரு பகுதிதான் என்று எனக்குப் பட்டது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். நேயர்களில் எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கா சைக்கிளில் கட்டியது இரண்டு பொதிகள். ஒன்றில் மாமியாரின் மருந்தும் அரிசியும். மற்றதில் பொலித்தீனால் சுற்றிய கொப்பிகள். உடுப்பு ஒன்றும் எடுக்கவில்லையா என்று கேட்டேன். "உடுப்பு ஆரும் தருவினம். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் எண்டு பதினொரு பேர் என்ர கணக்கில இருந்தவை. ஆர் எங்க எண்டு கொப்பி இல்லாமல் எப்பிடித் தேடுறது?" சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பெயர் கூப்பிட்டிருக்கிறார். பதினொரு பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்தார். மற்ற இருவரும் வன்னிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டார். அந்த இரண்டு வரியும் அவருடைய கொப்பியில் கடைசி வரை முடிக்கப்படாமலே இருந்தன.

இங்கே ஒரு கணக்காளனாக எனக்கு ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கையின் தாய்சேய் நலத்தை உலகமே மெச்சிய அந்த ஆண்டுகளில், அந்தப் புகழுக்கு ஆதாரமான தேசியக் கணக்கில் நாங்கள் பெரும்பாலும் இல்லை. 1981க்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணிய குடித்தொகைக் கணக்கெடுப்பு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் எடுத்தது வடக்கு கிழக்கில் முழுமையாக நடக்கவில்லை. 1987, 1993 ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. 2006-07 இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு அப்போதும் வெளியே. 2016 இல்தான் முழு நாடும் வந்தது. இரண்டு கிளைகளின் புத்தகங்களைப் பார்க்காமல் கொம்பனி முழுவதற்கும் இலாபம் காட்டினால் எந்தக் கணக்காய்வாளரும் அதன் கீழே ஒரு குறிப்பு எழுதாமல் கையெழுத்து வைக்கமாட்டார். ஆய்வுகளை எழுதியவர்கள் அந்தக் குறிப்பை எழுதத்தான் செய்தார்கள். அட்டவணையை எடுத்துக்காட்டியவர்கள் பலர் குறிப்பை விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் ஜாம் போத்தல் விளக்கில் எழுதிய கொப்பிகள் இருந்தன. எழுதியவர் இருந்தார். கூட்டல்தான் நடக்கவில்லை.

மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிப் பிறகு இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் பழைய கதை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளையின் பெயரை யாராவது எங்காவது ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்களா என்பதில் ஒரு குடும்பத்தின் நாடே தங்கியிருந்தது.

தமிழ்நாட்டில் முகாம்களில் இருந்தவர்களுக்குக் கிராம சுகாதார செவிலியரைத் தெரிந்திருக்கும். அங்கே 2008 அளவில் "பிக்மி" என்று கணினிப் பதிவு வந்தது. இப்போது கர்ப்பவதிக்கு ஒரு பதிவெண். மகப்பேற்று உதவித்தொகையும் பிறப்புச் சான்றிதழும் அந்த எண்ணோடு இணைக்கப்பட்டன. இலங்கையிலும் 2010களின் பிற்பகுதியில் காலாண்டுப் படிவங்கள் கணினிக்கு மாறத் தொடங்கின. "இப்ப பிள்ளையளுக்குச் சுகம்தானே அக்கா" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். கணினியும் வேண்டும், கொப்பியும் வேண்டும் என்றால் வேலை இரண்டாகிறது என்று இப்போது வேலையில் இருக்கும் மருமகள் முறையான ஒருவர் சொல்லியிருக்கிறாராம்.

இனி இந்த நாட்டுக்கு வருகிறேன். இதை வானொலியில் சொல்ல நேரம் இருந்தது, துணிவு இருக்கவில்லை.

2006 இல் மெல்பேர்ணில் என் மச்சாளுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. நாள் கடந்து ஒரு வாரம். அதுவரை எல்லாம் நல்லபடி. ஆங்கிலம் அதிகம் தெரியாததால் மொழிபெயர்க்க என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளையைத் துணியால் சுற்றித் தாயிடம் கொடுத்து ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை, மருத்துவிச்சி ஒரு படிவத்தோடு வந்து மெதுவாகக் கேட்டார்: தாய் பிறந்த நாடு எது? எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் இதுவா கேள்வி? எங்கே போனாலும் எங்களை இதைத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "சிறிலங்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

அந்தப் படிவம் எங்கே போனது என்று எனக்குப் பல வருடம் தெரியாது. விக்ரோறியாவில் 1982 இலிருந்து 20 வாரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிறப்பும், உயிரோடு பிறந்ததோ இறந்து பிறந்ததோ, இப்படிப் பதியப்படுகிறது. நியூ சவுத் வேல்சிலும் மருத்துவிச்சிகள் நிரப்பும் இதேபோன்ற தரவுத் தொகுப்பு 1980களின் பிற்பகுதியில் தொடங்கியது. 1991 இலிருந்து எல்லா மாநிலங்களும் சேர்ந்து தேசியத் தொகுப்பு. 2012 இல் டண்டினோங், கிளேற்றன் பக்கத்து ஆஸ்பத்திரிகளின் பத்தாண்டுக்கு மேற்பட்ட பிறப்புகளை எடுத்து ஆராய்ந்தவர்கள், தெற்காசியாவில் பிறந்த தாய்மாருக்குக் கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் பிள்ளை இறந்து பிறக்கும் ஆபத்து இங்கே பிறந்த பெண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று வெளியிட்டார்கள். 2017 இல் மாநிலம் முழுவதன் பதிவுகளையும் வைத்து நடந்த ஆய்விலும் தெற்காசியத் தாய்மாருக்கு ஆபத்து அதிகம் என்றே வந்தது. எங்கள் பெண்களில் சூல்வித்தகம், அதாவது ஊரில் நஞ்சு என்று சொல்வது, சற்று முந்தியே முதிர்ந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். அதே ஆண்டு மொனாஷ் ஹெல்த், தெற்காசியாவில் பிறந்த தாய்மாரை 39 வாரத்திலிருந்தே கூடுதலாகக் கண்காணிக்கும்படி தன் நடைமுறையை மாற்றியது. மற்றவர்களுக்கு அது 41 வாரத்தில்தான். பின்னர் வந்த ஆய்வில் இறந்து பிறப்பது குறைந்திருந்தது.

ஒரு கட்டம். "தாய் பிறந்த நாடு" என்ற ஒரு கட்டம். அதை மருத்துவிச்சிகள் வருடக்கணக்காக, அழுதுகொண்டிருந்த வீடுகளிலும், என்னைப்போல முறைத்துக்கொண்டு நின்றவர்களிடமும் கேட்டு நிரப்பியிருக்காவிட்டால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. 2006 இல் அந்த ஆய்வு இல்லை. மச்சாளின் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒரு வரி. இதை மச்சாளுக்குச் சொல்வதா விடுவதா என்று நான் நீண்ட நாள் யோசித்தேன். போன வருடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேர் எழுதினவையோ?" என்று கேட்டார். பிள்ளைக்கு வைத்த பெயரைத்தான் கேட்டார். அந்தப் படிவத்தில் பெயருக்கு இடம் இருந்ததா என்று நான் அன்று பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் கர்ப்பவதி யாராவது இருந்தால், மருத்துவிச்சி பிறந்த நாட்டைக் கேட்கும்போது சரியாகச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளையின் துடிப்பில் மாற்றம் தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். 39 வாரத்துக்குப் பிறகு எங்களுக்கென்று வேறு கண்காணிப்பு உண்டா என்று அவர்களே கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளையின் அட்டைக் கதையை முடிக்கவில்லை. அவளுடைய அனுமதியோடு அட்டையைப் படம் எடுத்துத் துங்காபிக்கு அனுப்பினேன். அக்காவின் கையெழுத்து அல்ல, அவருடைய பிரிவும் அல்ல. என்றாலும் முழுவதையும் வாசித்துச் சொன்னார். தாயின் நிறை ஒழுங்காக ஏறியிருக்கிறது. ஏற்பு ஊசி போட்டாயிற்று. ஒக்ரோபர் மூன்றாம் கிழமைக்குப் பிறகு கட்டங்கள் வெறுமை. பிறகு பிறந்த திகதி, பிள்ளையின் நிறை. அதற்குக் கீழே, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்த்ததைக் குறிக்கும் இடத்தில் இரண்டு திகதிகள், வேறு நிற மையில், வேறு ஒருவரின் கையெழுத்தில். இரண்டும் பத்து நாளுக்குள்.

"வீடு எண்டு என்னத்தைச் சொல்றது அங்கிள்? நாங்கள் அப்ப பள்ளிக்கூடத்தில எல்லோ இருந்தனாங்கள்" என்றாள் அந்தப் பிள்ளை. அக்காவிடம் கேட்டேன். "வகுப்பறை எண்டாலென்ன, போனது போனதுதானே" என்றார். அந்த இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று கொடிகாமப் பக்கம் அந்த நேரம் வேலை செய்தவர்களை அவர் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.